ஆடி மாதச் சுமை

மாசானத்துக்கும் அவன் மனைவி வடிவுக்கும் நடுவே ஒன்பது டிகிரி இடைவெளி இருந்தது. அவனுக்குப் பதினெட்டு வேண்டும். அவளுக்கு இருபத்தேழு போதும். பத்துப் பொருத்தம் பார்த்த ஜோசியர் இந்தப் பதினோராவது பொருத்தத்தைக் கேட்காமல் விட்டுவிட்டார். அப்போது இரண்டு வீட்டிலும் ஏசி கிடையாது என்பதால் அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

முதல் இரண்டு வருடம் ரிமோட்டுக்காகச் சண்டை போட்டார்கள். மூன்றாம் வருடம், சமாதானத்தை முன்னிட்டு, ஹாலுக்கும் ஓர் ஏசி வாங்கினார்கள். சமாதானம் உடனே வந்தது. பேச்சுதான் போய்விட்டது. அவன் ஹாலில் பதினெட்டில், போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டு கிடப்பான். அவள் படுக்கையறையில் இருபத்தேழில் இருப்பாள். நடுவில் ஒரு கதவு. குளிர்காற்று வீணாகிவிடக் கூடாதென்று அது எப்போதும் சாத்தியே இருக்கும். "சாப்பாடு எடுத்து வச்சிருக்கு" என்று கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்கும். "ம்" என்று இந்தப் பக்கம் ஒரு குரல் கேட்கும். இப்படியே நாலு வருடம் ஓடியது.

மாசானம் தென்காசியில் ஒரு பாலிடெக்னிக்கில் வெப்பவியல் நடத்துகிறவன். சூடு எப்போதும் வெப்பம் கூடிய இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் பாயும் என்று வருடத்துக்கு நாலு வகுப்புக்குச் சொல்வான். மாணவர்கள் அதை நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் பரீட்சையில் எழுதிவிடுவார்கள்.

அந்தப் பங்குனியில் 'தென்றல் திட்டம்' வந்தது. பொதிகை மின்விநியோகக் கம்பெனிக்காரர்கள் வீடு வீடாக வந்து ஒரு சிறு பெட்டியைச் சுவரில் மாட்டினார்கள். மின்சாரத்துக்குத் தட்டுப்பாடு வரும் நேரத்தில் உங்கள் ஏசியின் டிகிரியைக் கம்பெனி கொஞ்சம் ஏற்றி வைத்துக்கொள்ளும். பதிலுக்குக் கட்டணத்தில் கழிவு தரும். கையெழுத்துப் போட்டது வடிவு. அவள்தான் வீட்டில் இருந்தாள், மின் இணைப்பும் அவள் பெயரில்தான் இருந்தது. திட்டத்தின் செயலியையும் அவள் போனில் ஏற்றிவிட்டுப் போனார்கள். மாசானத்துக்குக் கிடைத்தது ஒரு வழுவழுப்பான துண்டறிக்கை மட்டும். அதை அவன் படிக்கவில்லை. விசிறிக்கொள்ள வசதியாக இருந்தது.

விசிறத் தேவையும் வந்தது. பெட்டி மாட்டிய மூன்றாம் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு, யாரும் ரிமோட்டைத் தொடாமலே ஹால் ஏசி இருபத்தொன்பதுக்கு ஏறியது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"தங்கள் அறை தற்போது இருபத்தொன்பது பாகையில் உள்ளது. ஒத்துழைப்புக்கு நன்றி" என்றது பெட்டிக்குள்ளிருந்த பெண்குரல். தெருவில் அதற்கு அதற்குள் தென்றலக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"நான் எங்கட்டி ஒத்துழைச்சேன்?" என்றான் மாசானம், பெட்டியைப் பார்த்து.

முதல் நாள் பொறுத்தான். இரண்டாம் நாள் சட்டையைக் கழற்றினான். மூன்றாம் நாள் விடைத்தாள்களின் மேல் வேர்வை சொட்டி, ஒரு மாணவனின் இரண்டு மார்க் அழிந்தே போனது. நாலாம் நாள், தான் நடத்தும் பாடத்துக்குத் தானே சாட்சியாக, சூடு கூடிய ஹாலிலிருந்து குளிர்ந்த படுக்கையறைக்குப் பாய்ந்தான். கதவைத் திறந்தபோது வடிவு டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ன, வழி தெரிஞ்சிதா?"

"கம்பெனிக்காரன் விரட்டிட்டான்."

"அப்பிடி ஓரமா உக்காருங்க. தாளை எல்லாம் கட்டில்ல பரப்பாதிய."

அவ்வளவுதான் தொடக்கம். ஆனால் ஓர் அறையில் இரண்டு பேர் தினம் மூன்று மணி நேரம் இருந்தால் எதையாவது பேசத்தான் வேண்டியிருக்கிறது. முதலில் சீரியலைத் திட்டினார்கள். பிறகு மாணவர்களின் விடைகளை உரக்கப் படித்துச் சிரித்தார்கள். அப்புறம் அவள் மாம்பழம் நறுக்கிக்கொண்டு வந்தாள். கொட்டையை யார் சப்புவது என்பதில் ஒரு சிறு சண்டை வந்தது. நாலு வருடத்தில் அவர்கள் போட்ட முதல் சண்டை அது என்பதால் இருவருக்குமே சந்தோஷமாக இருந்தது. ஏசியை இருபத்திநாலரையில் வைத்தார்கள். யார் முதலில் அந்த எண்ணைச் சொன்னார்கள் என்று இருவருக்கும் நினைவில்லை.

சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதமும் மாசானம் ஹாலைச் செருப்பு விடுவதற்கு மட்டும் பயன்படுத்தினான். வந்த கழிவுக்கு அல்வா வாங்கினார்கள்.

அப்புறம் ஆடி பிறந்தது.

ஆடி முதல் வாரம் ஒரு சாயங்காலம் வடிவின் போனில் ஒரு செய்தி வந்தது. 'இன்று மாலை 6.40க்குத் தங்கள் படுக்கையறை பதினேழு பாகைக்குக் குறைக்கப்பட்டது. குறைத்தவர்: கணவர்.' அவள் அடுக்களையிலிருந்து அறைக்குள் வந்து மூன்று தும்மல் போட்டாள். மறுநாள் மாசானத்தின் போனில் வந்தது. 'மாலை 7.05க்குத் தங்கள் சாதனம் முப்பது பாகைக்கு உயர்த்தப்பட்டது. உயர்த்தியவர்: மனைவி.'

"நான் தொடவே இல்ல" என்றாள் வடிவு.

"அப்பொ தென்றலக்கா பொய் சொல்லுதாளா?"

"நீங்க நேத்து தொடவே இல்லன்னு சொன்னிய. அப்பொ மட்டும் அவ பொய் சொன்னாளாக்கும்?"

நியாயமான கேள்வி. நியாயமான கேள்விகளுக்குக் கோபத்தைத் தவிர வேறு பதில் கிடையாது. மாசானம் கோபப்பட்டான். பத்து நாள் இப்படிப் போனது. தினம் ஒரு செய்தி அவளுக்கு, ஒன்று அவனுக்கு. பதினோராம் நாள் அவன் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனான். ஹால் ஏசி, காத்திருந்தது போல, அவனுக்குப் பிடித்த பதினெட்டில் இருந்தது.

அதே நேரத்தில் அந்தத் தெருவில் இன்னும் நாலு வீட்டில் தலையணைகள் இடம் மாறியிருந்தன. செங்கோட்டை பஸ்ஸில் தனியாகப் பெட்டியோடு ஏறும் பெண்கள் அதிகமாகிவிட்டார்கள். ஓட்டுநர் இல்லாமல் பஸ் தானே ஓடத் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தாலும், விசில் ஊத நடத்துநர் மட்டும் இருந்தார். "என்னம்மா, ஊருக்கே ஆடி அழைப்பா?" என்று அவர் கேட்டார். சுக்கிரனின் பார்வை சரியில்லை என்று ஜோசியர் சொன்னார். அவருக்கு நல்ல வரும்படி.

சனிக்கிழமை சாயங்காலம் வடிவு சூட்கேஸைக் கட்டிலில் வைத்துச் சேலை மடித்தாள்.

"எங்க?" என்றான் மாசானம், கதவில் நின்று.

"சங்கரங்கோவில். அம்மா வீட்டுக்கு. கோவில்ல ஆடித்தவசுத் திருவிழா பாக்கணும்."

"தவசு முடிஞ்சி ஒரு வாரமாச்சி."

"அடுத்த தவசுக்கு இப்பமே போயி இடம் புடிக்கேன்."

அவன் சிரித்திருக்க வேண்டிய இடம் அது. மூன்று மாதம் முன்பு என்றால் சிரித்திருப்பான். இப்போது, "திரும்பி எப்ப?" என்று மட்டும் கேட்டான். அவள் அலமாரியிலிருந்து இன்னும் நாலு சேலையை எடுத்து வைத்தாள்.

அக்காவைக் கூட்டிப்போக அவள் தம்பி சிவனு வந்தான். முழுப்பெயர் சிவனணைந்தபெருமாள். ரேஷன் கார்டில் இடம் போதாமல் பாதிப் பெயர்தான் இருக்கும். அந்த மின் கம்பெனியில்தான், திருநெல்வேலி அலுவலகத்தில், சுமைப் பிரிவில் வேலை. எந்த நேரத்தில் ஊர் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை.

உள்ளே வந்தவன் செருப்பைக் கழற்றும்போதே சுவரைப் பார்த்து நின்றுவிட்டான்.

"அத்தான், இந்தப் பெட்டில ஊதா விளக்கு என்னைக்குல இருந்து எரியுது?"

"ஆடி பொறந்ததுல இருந்து. ஏன்?"

"அதுக்கு முந்தி?"

"பச்சை."

சிவனு சுவரோடு சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்தான். "எக்கா, சூட்கேஸை மூடாத. கொஞ்சம் தண்ணி குடு."

தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான்.

"ஊதான்னா எங்க ஆபீஸ்ல 'பரவல்'னு பேரு. சித்திரைல கரண்டுக்குத் தட்டுப்பாடு. ஆளுவ ஒரு ரூம்ல கூடி இருந்தா எங்களுக்கு லாபம். ஆடில அப்பிடியே தலைகீழ். கணவாய்க் காத்து கிளம்பிரும். இங்க இருந்து கயத்தாறு வரைக்கும் கரண்டு எடுக்குத ஒவ்வொரு காத்தாடியும் பேய் புடிச்ச மாதிரி சுத்துது. அம்புட்டு கரண்டையும் யாராவது எரிச்சாகணும். எரிக்க ஆள் இல்லன்னா காத்தாடியை நிப்பாட்டணும். நிப்பாட்டுனா காத்தாடிக்காரன் கேஸ் போடுவான்."

"அதுக்கு என் பொண்டாட்டி ஏம்ல சங்கரங்கோவிலுக்குப் போணும்?"

"ரெண்டு பேரு ஒரு ரூம்ல இருந்தா ஒரு ஏசி. ரெண்டு ரூம்னா ரெண்டு. ரெண்டு ஊருன்னா இன்னும் விசேசம். சங்கரங்கோவில்ல சாரல் கிடையாது, புழுக்கம். அம்மா நாள் பூரா போடுவா."

மாசானம் பெட்டியைப் பார்த்தான். ஊதா விளக்கு அமைதியாக எரிந்தது.

"இதை யாரு அதுக்குச் சொன்னா?"

"யாரும் சொல்லல அத்தான், அதுதான் பிரச்சினை. போன ஆடில, சும்மா பாக்கதுக்கு மட்டும் சில ஊர்ல பெட்டி மாட்டியிருந்தப்ப, மிசினு ஒண்ணு கவனிச்சிருக்கு. சில வீட்ல ஒரு ஆள் குறையுது. வேற ஊர்ல ஒரு வீட்ல ஒரு ஆள் கூடுது. ரெண்டு வீட்லயும் ஏசி ஓடுது. அதுலயும் இங்க தனியா கிடக்கவன் பதினாறுல வச்சிட்டு, லைட்டு டிவி எல்லாத்தையும் போட்டுட்டு முழிச்சிக்கிட்டு இருக்கான். ஆவணி பொறந்ததும் பழையபடி ஒண்ணாயிருதாவ."

"ஏல, அது புதுப்பொண்ணை ஆடிக்கு அழைச்சிட்டுப் போறது" என்றாள் வடிவு.

"அது உனக்கும் எனக்கும் தெரியும். மிசினுக்குக் கல்யாணமும் தெரியாது, ஆடியும் தெரியாது. ஏசில ஆளை எண்ணுத கண்ணு இருக்குல்லா, அதை வச்சி அது படிச்சது ஒரே ஒரு வரி. இந்த மாசத்துல சோடியைப் பிரிச்சா சுமை ஏறும். புதுசா கட்டுனவுகள மட்டுந்தான் பிரிக்கணும், ஒரு மாசத்துக்கு மட்டுந்தான்னு அதுக்கு எவன் சொல்லிக் குடுத்தான்? அது எல்லாரையும் பிரிக்குது."

"அந்தச் செய்தி எல்லாம்? 'குறைத்தவர் கணவர்'?"

"விதி பதினாலு. கம்பெனி செய்றது எல்லாம் வீட்ல ஒருத்தர் செஞ்சதாத்தான் கருதப்படும். யாரு பேரைப் போடணும்னு மட்டும் அதுவே முடிவு பண்ணிக்கிடுது. அக்கா பார்த்தா உங்க பேரு, நீங்க பார்த்தா அக்கா பேரு."

"உங்க ஆபீஸ்ல ஒருத்தனுக்கும் இது தெரியாதா?"

சிவனு தலையைச் சொறிந்தான். "அறிக்கைல 'பரவல் மூவாயிரத்து இருநூறு'ன்னுதான் வரும் அத்தான். நல்ல முன்னேற்றம்னு போன வாரம் கேக் வெட்டுனோம். எனக்கு ரெண்டு துண்டு குடுத்தாவ. அது ஆளுவன்னு இந்த சூட்கேஸைப் பார்த்த பொறவுதான் எனக்கு உறைக்குது." கொஞ்சம் நிறுத்தினான். "ஆலங்குளம் பக்கம் ரெண்டு வீடு விவாகரத்துன்னு கோர்ட்டுக்கே போயிட்டு. அதைத் தனியா எழுதியிருக்கு. 'நிரந்தரச் சுமை வளர்ச்சி'ன்னு."

வெளியே ஏதோ தகரம் காற்றில் அடித்துக்கொண்டது.

மாசானத்துக்கு முதலில் பெரிய நிம்மதி வந்தது. அவள் ரிமோட்டைத் தொடவில்லை. அவனும் தொடவில்லை. பிறகு, படித்தவனுக்கே உரிய நேர்மையோடு, அவன் அடுத்த படிக்குப் போனான். அங்கே போயிருக்க வேண்டாம்.

"அப்பொ கோடைல?"

"என்ன கோடைல?" என்றான் சிவனு.

"ஹால் இருபத்தொம்பதுக்கு ஏறுச்சி. நான் உள்ள வந்தேன். அதுவும் மிசினு வேலைதானே? ஒரு ஏசி மிச்சம்." அவன் குரல் வகுப்பெடுக்கிற குரலாக மாறிவிட்டது. மிகவும் வலிக்கும்போது அவனுக்கு அந்தக் குரல்தான் வரும். "ஆக, இப்ப அது பிரிச்சதுன்னா, அப்ப சேத்ததும் அதுதான். நான் ஒண்ணும் வரல. சூடு பாஞ்சிருக்கு. அம்புட்டுத்தான்."

வடிவு மடித்துக்கொண்டிருந்த சேலையை அப்படியே வைத்தாள். "அப்பொ மூணு மாசமும் சும்மாவா?"

"சும்மான்னு சொல்லல. யாரு செஞ்சதுன்னு கேக்கேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

அவள் சூட்கேஸை மூடினாள். இந்த முறை பெட்டிக்குள்ளிருந்து யாரும் தூண்டவில்லை. பூட்டுச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

சிவனு இதற்குள் போனில் எதையோ நோண்டிக்கொண்டிருந்தான். ஊழியர்களுக்கு மட்டும் திறக்கும் பக்கம். "இருங்க அத்தான். மிசினு எந்த வித்தையும் சும்மா செய்யாது. மொதல்ல ஒரு வீட்ல நடந்ததைப் பாத்திருக்கும். ஏசியை ஏத்தி ஆளை இடம் மாத்தலாம்னு அதுக்கு யாரு காட்டுனா? அந்த முதல் வீடு எதுன்னு குறிப்பு இருக்கும்." விரலை மேலே தள்ளிக்கொண்டே போனான். நின்றான். "எக்கா, உங்க இணைப்பு எண் நாப்பத்தொண்ணு பதினேழா?"

"ஆமா."

"இந்த வீடுதான்."

"அதான் சொன்னேம்லா" என்றான் மாசானம். "நம்மளைத்தான் வச்சிப் பழகியிருக்கு."

"இல்ல அத்தான். தேதியைப் பாருங்க. மிசினு ஏசியைத் தொட ஆரம்பிச்சதே சித்திரை ஒண்ணுல இருந்துதான். துண்டறிக்கைலயே போட்டிருக்கும். இங்க என்னன்னா, பங்குனில பன்னெண்டு நாள், தினம் சரியா ஏழு மணிக்கு ஹால் இருபத்தொம்பது. கம்பெனி ஏத்தல. போன்ல இருக்க செயலி மூலமா கையால ஏத்துனது."

மாசானம் டீபாயின் கீழே கைவிட்டு அந்தத் துண்டறிக்கையை எடுத்தான். விசிறி விசிறி ஓரம் நைந்திருந்தது. நடுவில், யானைக் காலளவு எழுத்தில், 'சித்திரை 1 முதல்' என்று இருந்தது. நாலு நாள் முகத்துக்கு நேரே ஆட்டிய எழுத்து.

செயலி ஒரே ஒரு போனில்தான் இருந்தது. இருவரும் அந்தப் போனின் சொந்தக்காரியைப் பார்த்தார்கள்.

வடிவு சூட்கேஸின் பிடியைத் துடைத்தாள். அதில் தூசி ஒன்றும் இல்லை.

"என்ன பாக்கிய? நாலு வருசம். நானும் எத்தனை நாள்தான் அந்தக் கதவையே பாத்துக்கிட்டு இருக்கது?"

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே."

"நீங்க கூப்பிட்டிருக்கலாம்ல?"

மாசானம் துண்டறிக்கையை மடித்தான், விரித்தான்.

"இருபத்தொம்பதா வைக்கணும்? ஒரு பையனுக்கு ரெண்டு மார்க்கு போயிட்டு தெரியுமா?"

"இருபத்தேழுதான் வச்சேன் மொத நாளு. நீங்க அசையல" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னதால் அது திட்டா, சிரிப்பா என்று தெரியவில்லை.

சிவனு எழுந்தான். "நான் ஒரு டீ குடிச்சிட்டு வாரேன். திங்கக்கிழமை ஆபீஸ்ல எல்லாத்தையும் சொல்லிருதேன். மூவாயிரத்து இருநூறு வீடு. வேலை போனா இங்கதான் சோறு, அத்தான்."

"வா மாப்ள. ஹால் காலியாத்தான் கிடக்கும்."

அவன் கதவைத் திறந்ததும் வெளியிலிருந்து ஒரு காற்று உள்ளே வந்து, விடைத்தாள்களை எல்லாம் தரையில் இறக்கிவிட்டுப் போனது. குளிர்ந்த, ஈரமான சாரல் காற்று. அந்தக் காற்றுக்காகத்தான் ஊர் ஊராக ஜனங்கள் காசு கொடுத்துத் தென்காசிப் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். ஆயிரம் காத்தாடிகள் அதைப் பிடித்து, கரண்டாக்கி, கம்பியில் அனுப்பி, மாசானத்தின் ஏசிக்குள் விட்டு, மறுபடி காற்றாக்கி அவன் மேல் ஊதிக்கொண்டிருந்தன. சன்னல்? ஏசி மாட்டிய அன்று டேப் போட்டு ஒட்டியது. ஏழு வருடமாகத் திறக்கவில்லை.

மாசானம் படுக்கையறைக்குப் போய் டேப்பைக் கிழித்தான். தாழ்ப்பாள் துருவேறி இருந்தது. "தள்ளுங்க, நீங்க ஒரு ஆளு" என்று வடிவு வந்து சேர்ந்து தள்ளினாள். சன்னல் ஒரு கூச்சல் போட்டுத் திறந்தது. காற்று அடித்த வேகத்தில் சன்னல் கதவு திரும்ப வந்து அறையப் பார்த்தது. முட்டுக்கொடுக்க ஏதாவது கனமாக வேண்டியிருந்தது. வடிவு சுற்றிலும் பார்த்துவிட்டு, சேலை நிறைந்த சூட்கேஸைத் தூக்கிச் சன்னல் கட்டையில் வைத்தாள். சரியாக உட்கார்ந்தது.

இரண்டு ஏசியையும் அணைத்தார்கள். மாசானம் பையிலிருந்து வகுப்பு வெப்பமானியை எடுத்துப் பார்த்தான். இருபத்தாறு. அவளுக்கு ஒன்று குறைவு, அவனுக்கு எட்டு அதிகம்.

"புழுங்குதா?" என்றாள்.

"இல்ல. உனக்குக் குளிருதா?"

"லேசா."

அவன் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான். ஏசியின் கண் அவர்கள் பக்கம் மெல்லத் திரும்பியது. ஹாலில் ஊதா விளக்கு இரண்டு முறை மின்னியது.

"அறையில் இருவர்" என்றது தென்றலக்கா. "சாதனங்கள் இரண்டும் அணைந்துள்ளன. காரணம் அறிய இயலவில்லை. தயவுசெய்து காரணத்தைக் கூறுங்கள்."

கேள்வி கேட்டால் விளக்காமல் இருக்க முடியாத வாத்தியார் பழக்கத்தில் மாசானம் வாயைத் திறந்தான். வடிவு உள்ளங்கையால் அதைப் பொத்தினாள்.

"சும்மா இருங்க. ஒரு தடவை அதுக்கு நான் சொல்லிக் குடுத்ததே போதும்."